பச்சையப்பர் வாழ்வும் பறிபோன பணமும்

பெரியபாளையத்துப் பவானி அம்மனை ஆடித் திங்களில் வழிபடச் செல்லாத குடும்பம் நம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் அரிது. புதுவாயலில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி ஆரணியாற்றங்கரையை அடைந்தால், வேப்பஞ்சேலை உடுத்தி வலம்வரும் பெண்களையும், பொங்கல் பானைகளின் புகையையும், தோள்மீது பிள்ளையைச் சுமந்துவரும் தந்தையரையும் காணலாம். நம் வட்டத்தின் உறுப்பினர் பலரும் அக்கூட்டத்தில் ஒருவராய் நின்றவர்களே. ஆனால், அந்த மண்ணில்தான் 1754ஆம் ஆண்டில் கைம்பெண் ஒருத்தியின் மகனாய்ப் பச்சையப்பர் பிறந்தார் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

பச்சையப்பன் கல்லூரி என்றால் தமிழுலகம் அறியும். கொடைவள்ளல் என்ற அடைமொழியோடு அவர் பெயர் பாடநூல்களில் இடம்பெற்றது. எனினும் அந்தக் கொடைக்கும் அந்தக் கல்லூரிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வழக்கிலும் பூசலிலும் கழிந்தது. இறந்தவர் பொருளுக்கு உறவினர் அடித்துக்கொண்ட கதை அது. விழா மேடைகளில் நாம் அதனைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் அவர் வாழ்வின் பொருள் விளங்காது என்று கருதுவதால், பத்தாம் ஆண்டு மலருக்கு அதனையே எழுதத் துணிந்தேன்.

திண்ணைக் கதைகள்

நம் பகுதியில் எந்தத் திண்ணையில் அமர்ந்து முதியவர்களைப் பேசவிட்டாலும் பணம் களவுபோன கதை ஒன்று வெளிவரும். பாட்டனாரின் தம்பி இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தகப்பனற்ற பிள்ளைகளின் நஞ்சையைச் சிற்றப்பன் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். அடகு வைத்த காசுமாலை திரும்பி வரவேயில்லை. அந்தப் பணம் மட்டும் நம் கைக்கு வந்திருந்தால் இன்றைக்கு நாம் இப்படியா இருப்போம் என்று கதை முடியும். கேட்கும் சிறுவர்க்கு அது இராமாயணம் போல் மனப்பாடம் ஆகிவிடும்.

இத்தகைய கதைகளுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, கணக்கு இராது. ஆண்டுக்கு ஆண்டு தொகை மட்டும் வளரும். இரண்டாவது, கள்வன் எப்போதும் அடுத்த கிளையைச் சேர்ந்தவனாகவே இருப்பான். அந்தக் கிளையினரின் திண்ணையில் போய்க் கேட்டால் அதே கதையில் கள்வனின் பெயர் மட்டும் மாறியிருக்கும். பச்சையப்பர் குடும்பத்தின் கதையும் இவ்வாறே திண்ணையோடு நின்றிருக்க வேண்டியது. அது நீதிமன்றம் ஏறியதால் ஊரறிந்த வரலாறு ஆயிற்று.

தந்தை முகம் காணாத பிள்ளை

பச்சையப்பரின் தந்தை விசுவநாத முதலியார் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். மகன் பிறக்குமுன்பே அவர் மறைந்தார். கருவுற்ற நிலையில் கணவனை இழந்த பூச்சியம்மாள், தம் பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு, கணவரின் நண்பரான ரெட்டிராயரை நாடிப் பெரியபாளையம் வந்து சேர்ந்தார். அங்கேதான் பச்சையப்பர் பிறந்தார்.

அது கருநாடகப் போர்களின் காலம். ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பொருது, 1754ஆம் ஆண்டின் இறுதியில்தான் தற்காலிகமாக ஓய்ந்தனர். நான்கு ஆண்டுகளில் மீண்டும் போர் மூண்டது. 1758ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, 1759ஆம் ஆண்டு பிப்ரவரியில் பின்வாங்கினார். படைகள் நடந்த பாதையெல்லாம் ஊர்கள் வெறுமையாயின. இந்தச் சூழலில் கணவனும் நிலமும் இல்லாத ஒரு தாய், ஒரு நண்பரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தம் மக்களை வளர்த்தார்.

ரெட்டிராயரும் சில ஆண்டுகளில் காலமானார். மீண்டும் திக்கற்று நின்ற குடும்பம் சென்னப்பட்டணம் நோக்கி நடந்தது. அங்கே பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷ் அவர்களுக்குப் புகலிடம் அளித்தார். உறவினர் கைவிட்ட இடத்தில் உறவல்லாதார் இருவர் அடுத்தடுத்துக் கைகொடுத்தனர். பச்சையப்பரின் பிற்கால வாழ்க்கையை நோக்குமிடத்து இந்தச் செய்தியைச் சிறிதென்று தள்ள இயலவில்லை. தம் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் உறவுக்கு வைக்காமல் அறத்துக்கு வைத்ததன் வேர் இந்தப் பிள்ளைப் பருவத்தில் இருந்திருக்கலாம்.

துபாஷின் கைப்பணம்

துபாஷ் என்ற சொல்லுக்கு இருமொழி வல்லவன் என்பது பொருள். ஆங்கிலேய வணிகருக்கும் அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பவன், கொள்முதல் செய்பவன், கடன் வாங்கித் தருபவன், கடன் தருபவன் எல்லாம் அவனே. வெள்ளையர் கப்பலிலிருந்து வெறுங்கையோடு இறங்கும்போது முதற்பணம் கொடுப்பவனும் பெரும்பாலும் அவனே. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் செல்வரிற் பலர் இத்தொழிலால் உயர்ந்தவர்கள்.

நாராயண பிள்ளையின் ஆதரவில் சிறுவன் பச்சையப்பன் ஆங்கிலமும் கணக்கும் கற்றான். பதினாறு வயதை ஒட்டியே வணிகத்தில் இறங்கி, இருபது வயது கடந்த சிறிது காலத்தில் தன்னந்தனியாய்ப் பொருள் ஈட்டும் நிலைக்கு உயர்ந்தான். வரி தண்டும் குத்தகை, அதிகாரிகளுக்குத் துபாஷ் வேலை, வட்டிக் கொடுக்கல் வாங்கல் எனப் பலவழியாய் வருவாய் பெருகியது. பின்னர் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி தஞ்சையில் கழிந்தது. அங்கே கும்பினி அதிகாரிகளுக்குத் துபாஷாக இருந்ததோடு, 1787 முதல் ஆண்ட அமர்சிங் மன்னரின் அரண்மனையோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார். சென்னையில் கூவம் ஆற்றங்கரையில் கோமளீசுவரன்பேட்டையில் அவர் வாழ்ந்தார். அந்நாளில் தெளிந்து ஓடிய கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டார் என்ற செய்தியை இன்று படிக்கும் சென்னைவாசி ஒரு கணம் நின்று பெருமூச்சு விடுவான்.

துபாஷ் பணத்திற்கு அக்காலத்தில் நற்பெயர் இருந்ததில்லை. ஆளுநர் ஹாலந்தின் துபாஷான அவதானம் பாப்பையா, நேர்மையான ஓர் ஆங்கில அதிகாரியைப் பொய்ச்சான்றால் வீழ்த்தச் சதிசெய்தான் என்று 1792ஆம் ஆண்டில் தண்டிக்கப்பெற்றான். அவன் பெயர் 1827ஆம் ஆண்டில் வால்டர் ஸ்காட்டின் புதினம் ஒன்றிலேயே ஏறிவிட்டது. நவாபு முகமதலியின் கடன்களோ பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை உலுக்கின. 1785ஆம் ஆண்டில் எட்மண்ட் பர்க் அதனைப் பற்றி நீண்டதொரு பேருரை ஆற்றினார். பின்னாளில் கருநாடகக் கடன்களை ஆராய அமர்ந்த ஆணையர்களிடம் மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு உரிமை கோரினார்கள். நெடுங்கால விசாரணைக்குப் பின் உண்மையென்று ஏற்கப்பட்டது சுமார் இருபத்தேழு இலட்சம் பவுன் மட்டுமே. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொய்க்கடன் என்றால் அந்தக் காலத்துப் பணத்தின் தன்மையை நாமே அறிந்துகொள்ளலாம்.

பச்சையப்பர் இத்தகைய கொடுமை எதிலும் ஈடுபட்டவர் என்று சொல்ல எவரிடமும் சான்று இல்லை. ஆயினும் அவர் கைக்கு வந்த பணமும் அதே ஆற்றில் ஓடிவந்த நீர்தான். உழவன் கொடுத்த வரி, அரண்மனைக்கும் கும்பினிக்கும் போய், அங்கிருந்து வட்டியாகவும் தரகாகவும் துபாஷின் பெட்டிக்குள் வந்தது. களவுபோன பணத்தின் கதையை முறையாகத் தொடங்க வேண்டுமாயின், தஞ்சைச் சீமையின் களத்துமேட்டில் அளந்து எடுத்த நெல்லில் தொடங்க வேண்டும்.

வீடும் கோயிலும்

பச்சையப்பர் தம் தமக்கையின் மகளை மணந்தார். ஐயாளம்மாள் என்பது அவ்வம்மையாரின் பெயர். தமக்கை மகளை மணப்பது நம்மிடையே உரிமை மணம். பொருள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு என்றும் அதைச் சொல்வார்கள். மகப்பேற்றை எண்ணிப் பின்னர் அவர் இரண்டாவது மணமும் செய்துகொண்டார். ஆயினும் குலம் விளங்க ஆண்மகன் வாய்க்கவில்லை. பெருஞ்செல்வம், இரண்டு மனைவியர், பெண்வழி உறவு பெரிது, ஆண்வாரிசு இல்லை. பூசலுக்கு வேண்டிய விறகெல்லாம் அந்த வீட்டில் அடுக்கி வைத்தாயிற்று. தீ மட்டும் பிறகு வந்தது.

கோயில்களுக்கு அவர் வாழ்நாளிலேயே வாரி வழங்கினார். காஞ்சி ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் தூணொன்றில் குதிரைமீது அமர்ந்த கோலத்தில் அவர் உருவம் உள்ளது. தில்லைக் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் அவர் சிலையும் ஐயாளம்மாளின் சிலையும் இடம்பெற்றுள்ளன. அந்தக் கோபுரம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுப்பம்மாள் என்ற செல்வப் பெண்மணியின் கொடையால் பழுதுபார்க்கப்பெற்றது. கல்லில் நிற்கும் அந்தக் குடும்பத்தில் பூசல் இல்லை. கணவனும் மனைவியும் அருகருகே கைகூப்பி நிற்கிறார்கள். அடுத்த முறை தில்லைக்குச் செல்லும் அன்பர்கள் கோபுரவாயிலில் சிறிது நின்று அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன்.

திருவையாற்றில் முடிவு

1794ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பச்சையப்பர் நோயுற்றார். மார்ச்சு 22ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். காவிரிக்கரையில் உயிர்விட விரும்பித் திருவையாற்றை அடைந்து, மார்ச்சு 31ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

அதே திருவையாற்றில் அந்நாளில் தியாகராசர் இருபத்தாறு வயது இளைஞராய் வாழ்ந்துகொண்டிருந்தார். தமையன் மனம் வெதும்பி அவர் வழிபட்ட திருவுருவங்களைக் காவிரியில் எறிந்தான் என்பது அவர் குடும்பத்துக் கதை. ஒரே ஊரில், ஒரே காலத்தில், பணத்தை நாடாத ஒருவரும் பணத்தை மலைபோல் குவித்த ஒருவரும் இருந்தனர். உறவினரால் வந்த துன்பம் மட்டும் இருவர்க்கும் பொதுவாயிற்று.

இந்தியர் எழுதிவைத்த தொடக்ககால உயில்களுள் பச்சையப்பருடையது ஒன்று. காசி முதலாகத் தென்கோடி வரை உள்ள திருத்தலங்களில் பூசை, அன்னதானம் போன்ற அறங்கள் தம் பொருளால் நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார். இறக்கும் தறுவாயிலும் அவர் நம்பிக்கை வைத்தது குருதியுறவின் மீதன்று, பசியில் சோறிட்ட கையின் மீதே என்பது கருதத்தக்கது.

அரை நூற்றாண்டு வழக்கு

நெருப்புக் குளிரும் முன்பே வழக்கு மூண்டது. உறவினர் உரிமை கோரினர். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் மாறி மாறிப் பொருளைக் கையாண்டனர். அறங்கள் நின்றுபோயின, பொருளின் ஒரு பகுதி கரைந்தது. சிவன் சொத்தைத் தொட்டால் குலம் நாசம் என்று அஞ்சும் நாட்டில், சிவனுக்கென்று எழுதிவைத்த பொருள் சிவனைச் சென்று சேரவில்லை.

நீதிமன்றங்களும் நிலைகொள்ளாத காலம் அது. பச்சையப்பர் இறந்தபோது சென்னையில் இருந்தது மேயர் நீதிமன்றம். 1798இல் அது ரிக்கார்டர் நீதிமன்றம் ஆயிற்று. 1801இல் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. வழக்காளிகள் முதுமை எய்தினர், சிலர் இறந்தனர், வழக்கு மட்டும் இளமையோடு இருந்தது. டிக்கன்ஸ் 1852 முதல் 1853 வரை வெளியிட்ட பிளீக் ஹவுஸ் என்னும் புதினத்தில் தலைமுறை தலைமுறையாய் இழுபடும் உயில் வழக்கு ஒன்றைப் படைத்தார். வழக்குச் செலவிலேயே முழுச்சொத்தும் தீர்ந்துபோவதாக அது முடியும். அவர் இலண்டனில் அதனை எழுதத் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் அத்தகைய வழக்கு ஒன்று வேறுவிதமாய் முடிந்திருந்தது.

யார் கள்வர்?

இங்கே சிறிது நிற்க வேண்டும். பச்சையப்பரின் உறவினரைப் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. ஆயினும் அவர்கள் பக்கத்துத் திண்ணையிலும் நாம் சென்று அமர்ந்து கேட்பதே முறை.

உயில் என்ற கருத்தே நம் பழைய அறநூல்களுக்குப் புதிது. ஒருவன் இறந்தால் அவன் பொருள் இன்னார்க்கு இன்ன முறையில் சேரும் என்று நூல்கள் வகுத்தன. இறந்தபின் தன் விருப்பம் போலப் பொருள் செல்லவேண்டும் என்று ஒருவன் எழுதிவைக்கலாமா என்பது, 1794இல் தீர்ந்துபோன கேள்வி அன்று. ஆங்கிலேய நீதிமன்றங்கள் மெல்ல மெல்லவே அதற்கு விடை கண்டன. ஆகவே, கணவன் ஈட்டிய பொருள் தனக்கு உரியதென்று ஒரு கைம்பெண் கருதியிருந்தால் அது பேராசை ஆகாது. அவள் வாழ்ந்த உலகத்தின் வழக்கு அது. தம் தாய் பூச்சியம்மாள் கைம்பெண்ணாய் ஊர் ஊராய் அலைந்ததை அறிந்த பச்சையப்பர், தம் மறைவால் இருவரைக் கைம்பெண்களாக்கிச் சென்றார். அவர்களின் கண்ணுக்கு, வீட்டுப் பொருளைத் தெய்வத்தின் பெயரால் அயலார் எடுத்துக்கொண்டு போவதாகத் தோன்றியிருக்கக் கூடும்.

அறத்தின் பக்கம் நின்றவர்களுக்கோ உறவினர் கள்வர். உறவினருக்கு உயிலை வைத்துக்கொண்டு பொருளைச் செலவிட்டவர்கள் கள்வர். தஞ்சை உழவனைக் கேட்டால் அவன் எல்லோரையும் ஒருசேரச் சுட்டிக்காட்டியிருப்பான். இத்தனை பேரும் தத்தம் அளவில் உண்மையே பேசினார்கள். குடும்பத்துக் களவுக் கதைகள் தலைமுறை கடந்தும் மாயாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். அவற்றில் பொய் இருப்பதால் அவை நிலைப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் பாதி உண்மை இருப்பதால் நிலைக்கின்றன.

பணம் பள்ளிக்கூடம் ஆனது

சென்னை அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இந்த அறப்பொருளை மீட்கும் முயற்சியைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதனை விடாமல் நடத்தி முடித்தார். கணக்குப் பார்த்தபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. அறங்கள் பல்லாண்டுகளாக நடவாமல் நின்றதால், அவற்றுக்குச் செலவாக வேண்டிய பணம் வட்டியும் முதலுமாய் வளர்ந்து, உயில் குறித்த அறங்களுக்கு வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. நாலரை இலட்சம் ரூபாய் சமய அறங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்குமேல் எஞ்சிய சில இலட்சங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

கொடையாளன் குறித்த நோக்கம் நிறைவேறியபின் பொருள் மிகுந்தால், அந்நோக்கத்துக்கு மிக அணுக்கமான வேறொரு நற்பணிக்கு அதனைத் திருப்பலாம் என்பது ஆங்கிலேயச் சட்டக் கோட்பாடு. அதன்படி எஞ்சிய பொருள் கல்விக்கென்று ஆயிற்று. இந்துப் பெருமக்கள் அடங்கிய அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி தொடங்கியது. 1846ஆம் ஆண்டு அக்டோபரில் எஸ்பிளனேடில் புதிய கட்டடத்திற்கு நார்ட்டனே அடிக்கல் நாட்டினார். கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்துக் கோயிலொன்றின் சாயலில் தூண்கள் நிறுத்திக் கட்டிய அம்மண்டபத்தை 1850ஆம் ஆண்டில் ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்தார். காஞ்சியிலும் தில்லையிலும் பள்ளிகள் எழுந்தன. சென்னைப் பள்ளி 1880இல் இரண்டாந்தரக் கல்லூரியாகவும், 1889இல் முதல்தரக் கல்லூரியாகவும் உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது.

எண்ணிப் பாருங்கள். உறவினர் வழக்காடாமல், உயில் எழுதியவாறே அன்றே நிறைவேறியிருந்தால், பணம் ஆண்டுதோறும் பூசைக்கும் அன்னத்துக்கும் செலவாகியிருக்கும். மிச்சம் என்று ஒன்று இருந்திராது. பள்ளியும் கல்லூரியும் வந்திரா. கொடுத்தவர் மனத்தில் கல்லூரி இல்லை; பறிக்க முயன்றவர் மனத்திலும் இல்லை. இருவருக்கும் நடுவே பணம் முடங்கிக் கிடந்த காலம் அதனைப் பெற்றெடுத்தது.

இதனால் களவு நன்மையாயிற்று என்று சொல்வதற்கில்லை. அந்த ஐம்பதாண்டுகளில் தில்லையிலும் காசியிலும் இலையின்முன் அமர வேண்டிய எத்தனையோ பேர் பசியோடு திரும்பியிருப்பார்கள். அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் ஈடாகாது. தீமை நடந்தது நடந்ததே. எஞ்சியதைக் கணக்குப் பார்த்து மீட்க ஒருவர் முன்வந்ததுதான் நன்மை.

அந்த நன்மையும் முழுமையாய் வந்துவிடவில்லை. இந்து மாணவர்க்கு மட்டுமே இடம் என்ற விதி 1947 வரை கல்லூரி வாயிலில் நின்றது. எனினும் உள்ளே சென்றவர்களின் வரிசை நீண்டது. கணித மேதை இராமானுசன் அங்கே பயின்று, கணக்கில் சிறந்து, பிற பாடங்களில் தோற்றார். அறிஞர் அண்ணா அங்கே பயின்றார். மு. வரதராசனார் அங்கே தமிழ் கற்பித்தார். இன்று நாமறிந்த கவிஞர் வைரமுத்து அங்கே தமிழ் பயின்றவர். அவருடைய கொடையும் பின்வந்த வள்ளல்கள் பலரின் கொடையும் சேர்ந்து இன்று ஆறு கல்லூரிகள் பச்சையப்பன் அறக்கட்டளையின்கீழ் நடைபெறுகின்றன. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் பயில்கிறார்கள். களத்துமேட்டிலிருந்து புறப்பட்ட நெல் இருநூறு ஆண்டுகள் சுற்றி, ஏட்டுச்சுவடியாய் அந்தக் களத்துக்கே ஒரு பங்கு திரும்பியது என்று கொள்ளலாம்.

வழக்கின் நிழலும் முற்றாய் நீங்கவில்லை. நம் காலத்திலும் அவ்வறக்கட்டளையின் நிருவாகம் உயர்நீதிமன்றத்தின் முன் சென்று, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை இடைக்கால நிருவாகியாக அமர்த்த நேர்ந்தது. பொதுப்பணம் இருக்குமிடத்தில் காவலும் இருந்தே ஆகவேண்டும் என்பதை அப்பெரியவரின் பெயரே இன்றும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் வட்டத்திற்கு

பத்தாண்டுகளாய்த் திங்கள்தோறும் கூடுகிறோம். பகல் முழுதும் சிப்காட் ஆலைகளில் உழைத்த கையோடு வந்து கவிதை படிப்பவர்களும், திருவள்ளூரிலிருந்து கடைசித் தொடர்வண்டியைக் கணக்கிட்டுக்கொண்டே விமரிசனம் செய்பவர்களும் நம்மிடையே உண்டு. நம்மிடம் இலட்சங்கள் இல்லை. சந்தாப் பணம் எழுதிய ஒரு குறிப்பேடும், மலர் அச்சிடத் திரட்டிய சிறுதொகையும்தான் உண்டு. ஆயினும் அந்தக் குறிப்பேட்டை ஒவ்வோராண்டும் உறுப்பினர் முன் படிக்கும் வழக்கத்தை நாம் கைவிடவில்லை. சிலருக்கு அது சலிப்பூட்டும் பத்து நிமிடம். பச்சையப்பரின் வீட்டில் அந்தப் பத்து நிமிடம் இல்லாமற்போனதால்தான் ஐம்பதாண்டு வழக்கு வந்தது.

கவிஞர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். நம் வீட்டுக் களவுக் கதைகளை நாம் எழுத வெட்கப்படுகிறோம். பெட்டியோடு மறைந்த சின்னத் தாத்தாவைப் பற்றிப் பாட்டி முணுமுணுத்ததை நாம் கவிதையாக்குவதில்லை. ஊர்ப்பெருமையை மட்டும் பாடுகிறோம். எழுதும்போது இரண்டு திண்ணைகளிலும் அமர்ந்து கேட்டு எழுதுவோம். கள்வன் என்று நம் வீட்டில் பெயர்பெற்றவனின் பேரனும் நம்மோடு ஒரே ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

அடுத்த ஆடியில் பெரியபாளையம் செல்லும்போது, அம்மனை வணங்கியபின் ஆரணியாற்றங்கரையில் சற்று நேரம் நாம் கூடியமரலாம் என்று கருதுகிறேன். கணவனை இழந்து, வயிற்றில் பிள்ளையோடும் கையில் பெண்மக்களோடும் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பூச்சியம்மாளை அன்று நினைப்போம். அவருக்கு இடங்கொடுத்த நண்பரையும் நினைப்போம். பின்வந்த செல்வம், உயில், வழக்கு, கல்லூரி எல்லாவற்றுக்கும் முன்னே, உறவல்லாத ஒருவர் திறந்துவிட்ட கதவு ஒன்று அந்த ஊரில் இருந்தது.